செவ்வாய்க்கிழமையின் கணக்கு

படுக்கை எண் பதினேழு.
காலடியில் தொங்கும் அட்டையில் என் பெயர் சலாச்சி.
விசாலாட்சி என்றுதான் சொல்லிப் பதிந்தார் அப்பா.
டர்பன் எழுத்தருக்குப் பாதிதான் காதில் விழுந்தது.
முன்பாதியை அன்றே தொலைத்தவள்
இப்போது ஒரு கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

வீடு மெர்பேங்கில்.
ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
சன்னலுக்கு முன்னால் என் நெஞ்சு சாத்திக்கொள்ளும்.
ஆஸ்துமா இருபத்தாறு வருடம். சர்க்கரை பதினொன்று.
சிறுநீரகக் கோளாறு மூன்று வருடமாகத்தான்,
அதனோடு இன்னும் பழகவில்லை.

ஜேக்கப்ஸில் சட்டைத் தொழிற்சாலையில்
பொத்தான் சரிபார்த்தவள் நான்.
பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு.
ஒன்று குறைந்தால் விரல் சொல்லிவிடும்.
மாத்திரைகளும் அப்படித்தான்.
நீல அட்டை நோட்டில்
எது, எப்போது, எத்தனை.
எது ஆகாது என்பது மட்டும் சிவப்பு மையில்.
இளம் டாக்டரிடம் காட்டினேன்.
நல்ல கையெழுத்து என்றார்.

திங்கள் இரவு தூக்கம் வரவில்லை.
வராது.
ஸ்டீராய்டு போட்டால் மூன்று நாள் எனக்கு வராது,
நோட்டில் நான்காம் பக்கம்.
எழுந்து உட்கார்ந்தால் மூச்சுக்கு வசதி.
உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.
கட்டில் கிரீச்சிட்டிருக்கலாம்.

ஊசியோடு வந்தாள் ஒருத்தி. களைத்த முகம்.
முப்பது கட்டிலுக்கு இரண்டே பேர்,
அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று
எழுத வருகிறது கை. எழுதப்போவதில்லை.
என்ன மருந்து என்றேன்.
தூங்குவதற்கு, மா.
வேண்டாம்.
டாக்டர் எழுதியிருக்கிறார்.
நோ, சிஸ்டர்.
உங்கள் நல்லதுக்குத்தான்.
அங்கிஃபூனி என்றேன்,
பொத்தான்துளை மெஷின் பெண்கள்
சாப்பாட்டு வேளையில் கற்றுக்கொடுத்த ஜூலுவில்.
மூன்று மொழியில் மறுத்தாயிற்று.
நான்காவது எனக்குத் தெரியாது.
குழாய் ஏற்கெனவே கையில் இருந்தது.
கையைக் கேட்க வேண்டியதில்லை, குழாய் போதும்.

முழங்கை வரை குளிர் ஏறியது தெரியும்.
அப்புறம் புதன்.

நாக்கு துணிபோல் கிடந்தது.
மேலே கிடந்த நைட்டி என்னுடையதில்லை.
மாற்றிய கைகள் யாருடையவை?
செவ்வாய் மகன் பெர்த்திலிருந்து கூப்பிடும் நாள்.
அன்று முழுக்க நான் மூச்சு விட்டிருக்கிறேன்,
எப்படி என்று நான் பார்க்கவில்லை.

பதினெட்டாம் கட்டிலில் நொம்பூசோ செலே.
உம்லாசியில் கோழி விற்கிறவள், கால் வீங்கி வந்தவள்,
திங்கள் பகல் பூரா என்னோடு
ஒரு வார்த்தை பேசாதவள்,
தலையணைக்கு அடியில் கைவிட்டு
என் இன்ஹேலரை எடுத்து நீட்டினாள்.
மேசையைத் துடைக்கும்போது
வாரிக்கொண்டு போகப் பார்த்தார்களாம்.
பிறகு நோட்டைத் தந்தாள், கண்ணைப் பார்க்காமல்.
கோபமா என்றாள்.

என் கட்டங்களுக்குள்ளேயே,
பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், ஜூலுவில்.
பாதி எனக்குப் புரிந்தது,
மீதிக்கு அவள் விரல் வைத்தாள்.

ஊசி, 1.40.
மூச்சில் விசில், 3.15. மணி அடித்தேன்.
வரவில்லை. அடித்தேன்.
வரவில்லை. கத்தினேன்.
ஆக்சிஜன், 3.50.
காலை சாப்பாட்டை வைத்தார்கள், எடுத்தார்கள்.
மகன் போன், 11. தூங்குகிறாள் என்றேன். பொய் இல்லை.
மாலை: கை விரல்கள் அசைகின்றன.
ஏதோ எண்ணுகிறாள்.

அந்தக் கடைசி வரியில்
நான் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள்.
டிஸ்சார்ஜ் தாளில்:
நோயாளி நன்கு ஒத்துழைத்தார்.
கவுண்டரில் கையெழுத்துக் கேட்டாள் ஒரு பெண்.
பேனாவை வாங்கி, கோட்டின் மேல்,
வேண்டாம் என்று எழுதினேன்,
தமிழில், சுழி எதுவும் விடாமல்.
அழகாக இருக்கிறதே, உங்கள் பெயரா என்றாள்.
ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து
சிவப்பு மையில் ஒரு வரி
காலியாக விட்டிருக்கிறேன்.
அந்த ஊசியின் பெயரை
இன்னும் யாரும் சொல்லவில்லை.