பெயர், நேரம், நோக்கம்

பர்கூர் சிப்காட், கிரானைட் கம்பெனி,
முதல் கேட்.
பத்தே காலுக்கு இன்னோவாவில் வந்திறங்கினார்
இத்தாலிக்காரர்.
பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டும்.

லூக்கா. அது சுலபம்,
எலத்தகிரியில் தெருவுக்கு ஒரு லூக்காஸ் உண்டு.
குடும்பப் பெயர்தான் பேனாவை நிறுத்தியது.
தால்யாபியேத்ரா.
மூன்று தரம் சொன்னார்.
நாக்கு எங்கே போய் ஒளிகிறதென்று
வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சளைக்காமல்
உள்ளங்கையைக் கத்தியாக்கிக் காற்றை வெட்டினார்: தால்யா.
கேட்டோரம் சாய்த்திருந்த இளஞ்சிவப்புப் பலகையைத்
தட்டினார்: பியேத்ரா.

வெட்டு. கல்.

எந்தக் காலத்திலோ வெனிஸ் பக்கம்
உளி பிடித்தவனை ஊர் கூப்பிட்ட பேராம்.
யாரோ ஒரு பாதிரி சர்ச் ஏட்டில் எழுதிவைக்க
பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டதாம்.
இவர் அப்பா மருந்துக்கடை.
இவர் கல்லை விலை பேசுவதோடு சரி,
பட்டறைத் தூசிக்கு இரண்டு முகக்கவசம்.
ஆனாலும் விசிட்டிங் கார்டில் பொன்னெழுத்து,
மேடாக.
விரலால் தடவிப் பார்த்தேன்.

எங்களையும் ஊர் அப்படித்தான் கூப்பிட்டது.
அதே இரண்டு சொல்,
தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.
ஊரில் எது தொலைந்தாலும்
முதலில் கூப்பிட்டது.
ஒரப்பம் குவாரியில் வெடி முந்திக்கொண்டபோது
அப்பாவுக்கு இடது காது போனது.
அதற்கப்புறம் அந்தப் பேரைப் பாதிதான் கேட்டார்.
பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது
அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு
ஓபுளப்பாவின் முதலெழுத்தை மட்டும் கொடுத்தார்.
தலைப்பெழுத்து, தலையெழுத்து எல்லாம் அதுதான்.
ஓ. மல்லேஸ்வரி.

உங்கள் குடும்பப் பெயர் என்ன என்றார் லூக்கா.
பேட்ஜில் விரல் வைத்துச் சொன்னேன்.
"ஓ!" என்றார்,
ஆச்சரியப்படுகிறவர்கள் சொல்வதுபோல.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்,
வேறு வேறு காரணத்துக்கு.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
எழுத்துக்கூட்ட நேரமில்லை,
பொருளையே எழுதிவிட்டேன்:
லூக்கா கல்வெட்டி. நோக்கம், கல்.

சாயங்காலம் பதிவேட்டைப் புரட்டிய மேனேஜர்
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.
"யாரும்மா இது, கல்லு வெட்டறவன்?
ஏசி ரூம்ல உக்காரவெச்சு எளநி குடுத்திருக்கு!
அவங்களுக்குத்தான் பின்கேட் இருக்குல்ல?"

பின்கேட்டில் அப்போது ஷிப்ட் விட்டு
வெளியே வந்துகொண்டிருந்தார்கள்,
இருபது வயசுக்காரனுக்கும் தலை வெள்ளை.
அதில் என் சித்தப்பா மகனும்.

"பேருதான் சார்" என்றேன்.
"வெறும் பேரு."