பாதிக் களம்

புதன்கிழமை தப்பாகச் சொல்லிவிட்டேன்.
பரப்புங்கள் என்றேன்.
சேர்வராயன் தலைமேல் அப்போது
கைக்குட்டை அளவுக்குத்தான் வெள்ளை.
மூன்றே காலுக்கு அது
மலையைவிட உயரமாக எழுந்து நின்றது,
அடியில் மட்டும் வடைச்சட்டிக் கறுப்பு.

நாற்பத்திரண்டு மூட்டை ஈரமாவு.
மாதம்மாளும் பிகாஷும்
தார்ப்பாயின் முனைகளைப் பிடித்து ஓடிவருவதற்குள்
சிமெண்ட் களம் முழுக்கப் பால்.
அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட் வரைக்கும்
சாக்கடை வெள்ளையாக ஓடிற்று என்று
மறுநாள் டீக்கடையில் சொன்னார்கள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

முதலாளி திட்டவில்லை.
கணக்கு நோட்டில் ‘மழை’ என்று எழுதி
தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டார்.
அந்தக் காலியிடம்
வீட்டுக்கு என்னோடு வந்தது.

இரவு, மகனுடைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தேன்.
வளிமண்டலம், படத்தோடு.
கீற்று மேகம் ரொம்ப உயரத்தில், பனித்துகளால் ஆனது, நனைக்காது.
படை மேகம் போர்வை.
திரள் மேகத்துக்குத் தட்டையான அடி, காலிஃப்ளவர் தலை.
கார்திரள் மேகத்துக்கு
யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தான்.
யாரோ என்ன, அவன்தான்.
நாற்பத்திரண்டு மூட்டையைக் குடித்துவிட்டுப் போனதற்கு
முறுக்கு மீசை.

வியாழன் விடிந்தபோது
திப்பி காயவைத்த தரையை
விளக்குமாற்றால் கூட்டிய தடம்போல வானம்.
கீற்று, என்றேன் வாய்விட்டு.
என்ன கீத்து, தென்னங்கீத்தா என்றாள் மாதம்மாள்.
பரப்பினோம். காய்ந்தது.
அன்றைக்கு மட்டும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வெள்ளி, போர்வை.
வெயிலும் இல்லை, தூறலும் இல்லை.
மாவு காயவுமில்லை கரையவுமில்லை,
நாலு மணிக்குப் புளிப்பு நாறத் தொடங்கியது.
இப்படி நாளைக்கு எந்த மேகம் காரணம் என்று புத்தகம் சொல்கிறது.
அரைநாள் கூலியா முழுக்கூலியா
என்று சொல்லவில்லை.

போனில் பார்த்தால் நாற்பது சதவீதம் மழை.
களத்தில் எந்த நாற்பது?

பிகாஷ் ஊரிலும் மேகத்துக்கு மேகம்தான் பேராம்.
“அங்கே கடல்லேர்ந்து வரும் அக்கா,
இங்கே மலை குட்டி போடுது.”
புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் அது.

சனிக்கிழமை ஒரு குறி வைத்துக்கொண்டேன்:
மேல்நிலைத் தொட்டியின் ஏணியைத் தாண்டி
தலை எழும்பினால் மூடிவிடுவது.
பதினொன்றுக்கு இரண்டாம் படி.
சோற்றைப் பிசையும்போது ஏழாம் படி.
ஒன்றே முக்காலுக்குத் தாண்டியது.
மூடு, மூடு என்று நான் போட்ட கத்தலில்
அடுத்த களத்து நாய் எழுந்து நின்றது.
அடுத்த களத்து ஆட்கள் எழவில்லை.

அது எங்கள் மேல் நிழலை மட்டும் இழுத்துக்கொண்டு
காரிப்பட்டிக்குப் போய்க் கொட்டியது.
ஐந்து மணிக்கு அவர்கள் மாவு
வாரும்போது மொறுமொறுவென்றது.
நாங்கள் தார்ப்பாயைத் தூக்கினோம்,
உள்ளே வேர்த்திருந்தது.

“பேரு படிச்சா வழியும் தெரியுமாக்கா?”
மாதம்மாள் கேலியாகக் கேட்கவில்லை.
அதனால்தான் பதில் வரவில்லை.

ஞாயிறு ஃபாக்டரி லீவு.
தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் வானம்,
ஒரு பொட்டு இல்லை.
இந்த வெயிலை யாரிடம் போய்க் கேட்பது.
துணி காயப்போட்டேன், மிளகாய் காயப்போட்டேன்,
தலையணைகளைக்கூட வெளியே கொண்டுவந்தேன்,
இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

திங்கள்
பாதிக் களம் பரப்பச் சொன்னேன்.
தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தே வைக்கச் சொன்னேன்.
மகன் பள்ளிக்கூடம் போகிற வழியில்
சைக்கிளை நிறுத்தி, மலையைப் பார்த்து,
வந்தாச்சும்மா என்றான்.

வந்திருந்தது, வெள்ளையாக.
தொட்டி ஏணியில் முதல் படி.
மீசை இன்னும் முளைக்கவில்லை.