மூன்றாவது நாற்காலி

ஓல்டன் மருத்துவமனையில் அந்த அறைக்குப்
பதினொரு வருடமாகப் போய்வருகிறேன்.
மருத்துவருக்கு ஒரு நாற்காலி, நோயாளிக்கு ஒன்று,
சுவரோரம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று.
மார்ச்சில் என் பெயரைக் கூப்பிட்டபோதும்
பழக்கதோஷத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்து
குறிப்புக் கொப்பியைத் திறந்துவிட்டேன்.
டொக்டர் ஓடர்மாத் கொஞ்சம் பொறுத்தார்.
பிறகு, "இன்றைக்கு இங்கே வாருங்கள்,
ஃபிராவ் ஏரம்பமூர்த்தி" என்றார்.
அந்தப் பெயரை ஒரு எழுத்தும் விழுங்காமல்
அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.
அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் தொழிலில் முதல் விதி:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
'நான்' என்றே சொல்லவேண்டும்.
அப்படி எத்தனை பேருடைய நானாக இருந்திருக்கிறேன்.
எனக்குச் சலத்தில் இரத்தம் போகிறது.
எனக்கு விதைப்பையில் கட்டி.
நான் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.
எல்லாம் பிழையில்லாத ஜெர்மனில்,
மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று.
ஐந்தரைக்குப் பையைத் தோளில் மாட்டினால்
ஒருவருடைய வருத்தமும் என்னோடு ரயிலேறாது.

இப்போது இந்த 'நான்'
வீடுவரை வருகிறது.
அரிசி கழுவும்போது பக்கத்தில் நிற்கிறது.

செலாம் கூட வருகிறாள். திக்ரின்யா மொழிபெயர்ப்பாளர்,
எரித்திரியாக்காரி. எங்களுக்குள் பொதுவாய் இருப்பது
இரவல் ஜெர்மன் மட்டும்.
மூன்றாவது நாற்காலியில் அவள் இருந்து குறிப்பெடுக்கிறாள்:
அம்புக்குறிகள், பாதிச் சொற்கள், ஒரு சின்னக் குடை.
குடை என்றால் என்ன என்று கேட்டேன்.
"வெள்ளை அணுக்கள் இறங்கும், கூட்டத்துக்குள் போகாதே."

செவ்விளநீர் நிறத்தில் மருந்து.
தாதி பியூர்கிசர் ஒவ்வொரு பைக்கும் முன்னால்
பெயர் கேட்பாள், பிறந்த தேதி கேட்பாள்.
ஐம்பத்திரண்டு வருடத்தில்
பிறந்ததை இத்தனை தரம் நான் சொன்னதில்லை.
அன்றிரவு நித்திரை வராது. நாக்கில் ஆணி சூப்பிய ருசி.
மூன்று மணிக்கு எழும்பிக்
குளிர்பெட்டியைத் துடைப்பேன், அலுமாரியைத் துடைப்பேன்,
துடைத்ததையே துடைப்பேன்.

அப்படி ஒரு மூன்று மணிக்குத்தான்
குலநாயகம் அண்ணை ஞாபகம் வந்தார்.
நாலு வருடத்துக்கு முன், அதே அறை.
"அடுத்த முறை பயிற்றங்காய் நடலாமோ கேளும் பிள்ளை."
கேட்டேன். டொக்டர் ஊர்ப் பேச்சில்
"மிர் லுவெகெ" என்றார்.
"பார்ப்போம்" என்றேன் நான்.
அகராதிப்படி அதில் பிழை இல்லை.
ஆனால் தமிழில் பார்ப்போம் என்பது
கடன் கேட்டவனுக்குச் சொல்வது,
வீடு தரமாட்டாதவன் சொல்வது,
சம்பந்தம் பேசி வந்தவர்களைத் தேத்தண்ணியோடு
திருப்பி அனுப்பும்போது சொல்வது.
அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
பிறகு என்ன ஆனார் என்று தெரியாது.
விசாரிக்கக்கூடாது என்பது இரண்டாவது விதி.

போன கிழமை என்னிடமும் அதையே சொன்னார்.
மிர் லுவெகெ.
சொல்லிக்கொண்டே திரையைத் திருப்பி,
மார்ச்சில் எடுத்த படத்தையும் ஜூனில் எடுத்ததையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து
பார்த்தார்.
உண்மையிலேயே பார்த்தார்.
சும்மா ஆறுதலுக்குச் சொன்ன சொல் அல்ல அது,
அவர் செய்கிற வேலை.
அண்ணை, நான் அதை அப்படிச் சொல்லியிருக்கவேண்டும்.
'விடாமல் பார்த்துக்கொண்டிருப்போம்' என்று.
இரண்டு சொல் கூட. காசு கூடியிராது.

வெளியே வரவேற்பு மேசையில் அடுத்த டெர்மின்.
"பதினேழாம் தேதி, பத்து இருபது."
நான் சரி என்று தலையாட்டவில்லை.
பத்து இருபதுக்கு செலாமுக்கு ஆராவில் வேலை,
பதினொரு மணிக்குப் பிறகு தாருங்கள் என்றேன்.
இல்லை என்றாள். இருக்கும் என்றேன்.
எனக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.
நான் அசையவில்லை.
"பார்ப்போம்" என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டு,
எலியை உருட்டி உருட்டி
ஜூலையைத் தாண்டினாள், ஓகஸ்டைத் தாண்டினாள்,
பிழையாக ஒக்டோபர் வரைக்கும் போய்விட்டு,
"ஐயோ, தூரம் போய்விட்டேன்" என்று
திரும்பி வந்தாள்.