ஆடு மட்டும் தாழவில்லை

குருமண்வெளித் துறையில் பாதை என்றால்
நடக்கிற வழியல்ல.
மோட்டார்சைக்கிளும் நெல்மூட்டையும் ஆளும்
ஏறி நின்று வாவி கடக்கிற இரும்புத் தட்டு.
கொழும்புக்காரருக்கு இதை விளக்க
ஒரு பந்தி எழுதினேன்.
பிறகு அழித்தேன்,
விளையாட்டே சொல்லட்டும்.

பகலில் களுவாஞ்சிகுடி, போட்டோகொப்பிக் கடை.
சாமத்திய வீட்டு அட்டைகளில்
மயிலை இடமிருந்து வலம் திருப்பிக் கொடுப்பேன்.
திருப்பினதுக்கும் காசு வாங்கச் சொல்வார்
முதலாளி பரமலிங்கம்.
கடை பூட்டின பிறகு
அதே கணினி, அதே கதிரை,
மின்விசிறி மட்டும் நிப்பாட்டி
(கறன்ட் பில்லுக்கு நான் கொடுத்த வாக்கு)
ஒரு வாவி செய்தேன்.

தண்ணீருக்கு மட்டும் பதினொரு இரவு.
நீலம் போட்டேன், கடலாகிப் போனது.
பச்சை போட்டேன், குளம்.
கடைசியில் கோப்பையில் ஆறிக் கிடந்த
தேத்தண்ணியைப் படமெடுத்து
நிறத்தை உறிஞ்சினேன்.
மாரிமழை விழுந்த வாவி அதுதான்.

விதி ஒன்றே ஒன்று:
பாரம் சாய்ந்தால் பாதை தாழும்,
பாதையோடு எல்லாம் தாழும்.
என் ஒரேயொரு பரிசோதகர்
பக்கத்து வீட்டு மிதுஷாளினி, ஒன்பது வயது.
அக்கரை சேர அவளுக்கு விருப்பமேயில்லை.
ஐயரையும் அரிசியையும் கணக்கு டீச்சரையும்
ஒரே மூலையில் குவித்துத் தாட்டுவிட்டுச் சிரித்தாள்.
"அக்கோய், ஆடு நிக்கிது!"

நின்றது.
எல்லாரும் குமிழியாகிப் போன இடத்தில்
தண்ணீர்மேல் நாலு காலில்
எதையோ மென்றுகொண்டு.

திருத்த மூன்று வரி போதும்.
இரண்டு கிழமையாய்
அந்த மூன்று வரிக்குக் கை வரவில்லை.

இருபத்தாறு இடத்துக்கு அனுப்பினேன்.
பத்தொன்பது மௌனம்.
ஆறு, ஆர்வத்துக்கு நன்றி.
ஒன்று மட்டும் நிபந்தனை சொன்னது:
வேலை வேண்டுமா, அனுபவம் கொண்டு வா,
அனுபவம் வேண்டுமா, வேலைக்குப் போ.
இப்படியொரு வரியை நான் எழுதியிருந்தால்
கணினி சுற்றிச் சுற்றி உறைந்திருக்கும்.

இருபத்தேழாவது அழைத்தது.
கடையில் சனம், வீட்டில் சிக்னல் இல்லை,
துறைக்கு ஓடினேன்.
போனின் சிறு கட்டத்துக்குள் ருவினி என்றொருத்தி,
என் அரைகுறைச் சிங்களத்தைப்
பொறுமையாய்ப் பொறுக்கியெடுத்தவள், கேட்டாள்:
அந்த ஆடு வேணுமென்றே செய்ததா?

பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது:
ஆமாம், அது ஒரு குறியீடு.
"பிழை" என்றேன்.
"கண்ட பிறகும் விட்டு வைத்த பிழை."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
இந்தப் பக்கம் இயந்திரச் சத்தம்.
என்ன அது என்றாள். போனைத் திருப்பினேன்.
இரண்டு மோட்டார்சைக்கிள்,
குடையோடு ஒரு மிட்வைஃப்,
மெதுவாய்க் கரைதட்டிய பாதை.
"ஆடு எங்கே?" என்றாள் ருவினி,
உண்மையாகவே தேடினாள்.

மூன்று மாத ஒப்பந்தம், வீட்டிலிருந்தே.
வரையவோ நிரல் எழுதவோ அல்ல,
சுவரில் முட்டுவதற்கு.
யாரோ ஒரு தேசத்தார் கட்டிய கோட்டை,
அறுபத்திரண்டு அறை,
ஒவ்வொரு சுவரிலும் ஓடி ஓடி
முட்டிப் பார்த்து எழுத வேண்டும்.
"இதுக்கும் சம்பளமா புள்ள?" என்றா அம்மா.
நானும் அதைத்தான் ஒப்பந்தத்தில்
இரண்டு தரம் வாசித்தேன்.

ஒன்பதாம் நாள், சமையலறைக்குப் பின்னால்
ஒரு சுவர் என்னை உள்ளே விட்டது.
அந்தப் பக்கம் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.
தரையில்லை, வானமில்லை,
சாம்பல் நிறம் மட்டும்.
காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு வந்து எழுதினேன்:
பிழை இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
சமையலறை, வடக்குச் சுவர்.
ஆள் நுழையலாம்.