சாப்பிட்ட பிறகு

முக்கூடல் பஸ்ஸில் வந்து
ஜங்ஷனில் இன்னொரு பஸ் மாறி
ஆறு வயசுப் பையனை இடுப்பில் வைத்து
நின்றாள் பேச்சித்தாய்.
இடுப்பில் வைக்கிற வயசில்லை அது.
கீழே விட்டால் நிற்க மாட்டேன் என்கிறான்.

சீட்டில் இருந்தது: இசக்கி தர்ஷன், மூட்டு வாதம்?
கேள்விக்குறி எங்கள் டாக்டரம்மா போட்டது.
ஊர் கிளினிக் சீட்டில் அது இல்லை.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாகப்
பிள்ளைகளின் கை பிடிக்கிறேன்.
எறும்பு கடிக்கும், ஒண்ணு ரெண்டு எண்ணு, என்பேன்.
இவன் எண்ணவில்லை, அழவுமில்லை.
ஊசியைவிடப் பெரிய வலி பழகியவன் போல
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் எழும்பும்போது விறைப்பா,
ராத்திரி வலியா, என்று கேட்டார் டாக்டரம்மா.
வாதம் என்றால் பெரும்பாலும் விடியலில் விறைக்கும்;
வெயில் ஏற ஏற இளகி
பத்து மணிக்குப் பிள்ளை ஓடிவிடும்.

பேச்சித்தாய் யோசிக்கவில்லை.
"ராத்திரிதாம்மா. ஆயிரம் பீடி தேற
எனக்கு ஒரு மணி ஆயிரும்.
முப்பதாவது கட்டு கட்டையில எழும்புவான்.
தெனமும் முப்பதாவது கட்டு."
எந்த வார்டு சார்ட்டிலும்
இத்தனை சுத்தமாக எழுதிப் பார்த்ததில்லை நான்.

முழங்காலில் வீக்கம் கொஞ்சம்தான்.
தொட்டால் சும்மா இருந்தான்.
நாலு விரல் மேலே, தொடை எலும்பில் அழுத்தியதும்
எம்மோ என்றான்.

ஈ.எஸ்.ஆர். நூற்றுப்பத்து.
தட்டணு ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சற்றுக் குறைவு, அவ்வளவுதான்,
மெஷின் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
உடம்பு இப்படிக் கொதிக்கையில்
அது ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று ஏறியிருக்க வேண்டும்.
ஐப்பசி அடைமழையில்
தாமிரபரணி கணுக்கால் அளவு ஓடினால்
யாருக்கு நிம்மதி வரும்?

கண்ணாடியில் ரத்தத்தை இழுத்து நூறு செல் எண்ணினேன்.
மறுபடி நூறு.
ஒன்றே ஒன்று சந்தேகம்.
சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.
எலும்புக்குள் போய்த்தான் கேட்க வேண்டும்.

அப்போதுதான் டாக்டரம்மா அந்தத் துணிக்கடைப் பையைப் பார்த்தார்.
கிளினிக்கில் எழுதிய ஸ்டீராய்டு.
"எத்தனை குடுத்த?"
குரல் உயர்ந்துவிட்டது.
அந்த மாத்திரை வலியை நிறுத்தும்.
கெட்ட செல்களையும் கொஞ்ச நாள் ஒளித்துவைக்கும்.
பையன் ஓடுவான், நாம் கும்பிடுவோம்,
மஜ்ஜையில் ஊசி போட்டாலும் பதில் குழம்பும்.

அட்டையை நீட்டினாள்.
பத்தும் அப்படியே இருந்தன.
"சாப்பிட்ட பொறவு குடுக்கணும்னாங்க.
இவன் எங்க சாப்பிடுதான்?
டீயில ரஸ்க்க முக்கிக் குடுத்தேன், துப்பிட்டான்.
அதாம்மா குடுக்கல. ஏசாதீங்க."

யாரும் ஏசவில்லை.
டாக்டரம்மா அட்டையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் இடுப்பெலும்பில் ஊசி.
சாயம் காயக் காத்திருந்த நேரத்தில்
களக்காட்டுச் சிறுமி ஒருத்தியின் முடிவு வந்தது:
விடியலில் விறைக்கும் விரல்கள், தட்டணு ஆறு லட்சம்.
வாதம்தான் என்றதும் அவள் அப்பா அழுதார்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு லென்சுக்குக் கீழே
இசக்கி தர்ஷனின் மஜ்ஜை.
ஒரே மாதிரி, ஒரே மாதிரி, எல்லாம் ஒரே மாதிரி,
ஊதாவாக, பெரிய கருவோடு.
முப்பதில் எண்ணுவதை நிறுத்தினேன்.

வெளியே பெஞ்சில்
மயக்கம் தெளிந்து அவன் பன் தின்றுகொண்டிருந்தான்.
பேச்சித்தாய் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்,
முகமெல்லாம் வெளிச்சமாக.
"பாதி தின்னுட்டாம்மா.
அந்த மாத்திரைய இப்பக் குடுக்கலாமா?"