காவி

நாலு ரோட்டில், கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
போர்டு கிடையாது. நான் டாக்டர் இல்லை,
டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பல் கட்டுகிறவள்.
எங்கள் ஊர்த் தண்ணீர் ஒரு பங்காளி.
பாறைக்குள்ளிருந்து எழுந்து வந்து
பல்லில் பாகம் கேட்கும்.

சேர்மன் தீர்த்தகிரி படியேறி வந்தார்,
மூச்சு வாங்க, வாயைத் துண்டால் மூடி.
கொடியேற்ற ஒன்பது நாள் இருந்தது.
சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் தாளை எடுத்து
மேசையில், பிளாஸ்டர் தூளின் மேல் வைத்தார்.
மகன் அனுப்பியதாம்.
"முகம் இந்த ஆளு மாதிரி இருக்கணும். அப்படியே கம்பீரமா."

அந்த உதடு ஏன் அப்படி இறுகியிருக்கிறது என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
பதவியேற்ற நாளில் வாஷிங்டனுக்கு மிச்சம் ஒரே பல்.
பிறகு கட்டியதெல்லாம் நீர்யானைத் தந்தம், ஈயம்,
பித்தளை ஆணி, சுருள்கம்பி.
விட்டால் துள்ளித் திறக்கும்;
மூடி வைத்திருக்கவே தாடை கூலி வேலை பார்க்கும்.
மரப்பல் என்று எங்கள் கோர்ஸில் சொன்னது பொய்.
யுத்தத்தின் நடுவே, பல் சுரண்டி அனுப்பச் சொல்லி
வைத்தியருக்கு எழுதிய கடிதம்
எதிரி கையில் சிக்கியது.
ஒரு படையையே மறைத்து நடத்தத் தெரிந்தவர்,
ஈறு வலியை மறைக்க முடியவில்லை.
சாவதற்கு ஓராண்டு முன்புகூட எழுதுகிறார்,
கட்டிய பல் உதட்டை வெளியே தள்ளுகிறது,
வீங்கினாற்போல் தெரிகிறது என்று.
படித்தபோது பாவமாயிருந்தது.
கூப்பிட்டு உட்கார வைத்து
அரை மில்லி தேய்த்துக் கொடுக்கலாம் போல.

பிறகு அந்தக் கணக்கைப் படித்தேன்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கு.
அவர் பண்ணை ஏட்டில் ஒரு வரி:
ஒன்பது பற்களுக்காகக் கறுப்பர்களுக்குக் கொடுத்தது,
ஆறு பவுன் சொச்சம்.
பெயர் இல்லை.
மேல்தாடையா கீழ்த்தாடையா, இல்லை.
அடிமையிடம் சம்மதம் கேட்பார்களா என்ன.
அவை அவர் வாயில்தான் ஏறினவா,
அதுவும் உறுதியில்லையாம்.
ஒன்பது. அவ்வளவுதான் தெரியும்.

நிற அட்டையை நீட்டினேன்.
சேர்மன் குரலைத் தாழ்த்தினார்.
"வெள்ளையா வேணாம். நம்ம ஜனங்க பல்லு மாதிரி
கொஞ்சம் காவி ஏத்து. இல்லாட்டி
எதிர்க்கோஷ்டி கேப்பான், எங்க தண்ணி குடிக்கிறாருன்னு."
அவர் வீட்டுக்கு இருபது வருஷமாய்க் கேன் தண்ணீர்.
பல் போனது சர்க்கரையில்.

பெஞ்சில் லளிகம் பொன்னுருவி காத்திருந்தாள்,
அவர் தக்காளிக் காட்டில் களையெடுப்பவள்.
நாலு தவணை கட்டியாயிற்று, இரண்டு பாக்கி.
அவள் கேட்டது முன்பல் நான்கு.
"பால் மாதிரி வையிம்மா. வெள்ளைப் பல்லு
என் வாயில நான் பாத்ததே இல்ல."

காவிக்கு மாதிரி வேண்டும்.
பொன்னுருவியை வாய் திறக்கச் சொன்னேன்.
திறந்தாள்.
சேர்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
விளக்கைத் தாழ்த்தி, சாயத்தை நுனிப்பிரஷில் தொட்டு,
அவள் கீழ்வரிசையின் பழுப்பை, குழியை, கோட்டை
ஒவ்வொன்றாக அவர் பல்லுக்கு ஏற்றினேன்.
பரவாயில்லையா என்று அவளிடம் கேட்டேனா?
நினைவில்லை.

காவிக்குத் தனியாக ஐநூறு வாங்கினேன்.
ராத்திரி நோட்டில் எழுதினேன்:
கறை மாதிரிக்காக, லளிகம் பொன்னுருவிக்கு,
ரூபாய் ஐநூறு, தவணையில் கழித்தது.
எழுதிவிட்டுப் படித்தால்
அதே ஏட்டின் வரி போலவே இருந்தது.
பெயர் இருக்கிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி, பஸ் ஸ்டாண்டு வரை கேட்ட மைக்கில்
சேர்மன் "சுதந்திரம்" என்றார்.
"சு" மட்டும் விசிலாக வந்தது.
தேய்க்க வரச் சொல்லியிருக்கிறேன்,
வியாழக்கிழமை.