துண்டு எழுதியவன்

கூம்புமலைத் தோட்டத்து ஆபீசில்
பதினோரு வருசம் துண்டு எழுதினேன்.
தோளில் போடுகிற துண்டு அல்ல.
ஆள் ஒன்று, பெண்சாதி, பிள்ளை மூன்று,
கடன் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்,
தீர்த்தால் ஆளை விடுவோம்.
இவ்வளவுதான் வாசகம்.
கீழே துரை கிறுக்குவார்.
அந்தக் காகிதம் முன்னால் போகும்,
குடும்பம் சட்டிபானையோடு பின்னால் போகும்.

எச்சில் தொட்டு எழுதும் காப்பிப் பென்சில்.
என் நாக்கு எந்நேரமும் ஊதா.
பூசையில் நற்கருணைக்கு நீட்டும்போதெல்லாம்
சாமியார் ஒரு கணம் தயங்குவார்.

மிஷன் உபதேசியார் ஞானாபரணம்
சனிக்கிழமை இரவுகளில் மலையேறி வருவார்.
லயத்துக்கும் லயத்துக்கும் நடுவே வேட்டி கட்டி
விளக்குப் படம் காட்டுவார்.
அன்றைக்கு வந்தது சீமைச் சந்தை:
கொட்டு, கொடி, இரும்புப் பூண் போட்ட பெட்டி,
பெட்டிக்குப் பின்னால் தொந்தியோடு ஒருவன்.
பாவத்துக்குச் சீட்டு விற்கிறானாம்.
செத்த தகப்பனுக்கும் வாங்கலாமாம்.
"பெட்டி நம்ம பெரிய கங்காணி பெட்டியேதான்"
என்றது இருட்டில் ஒரு குரல்.
சிரிப்பில் வேட்டியே ஆடிற்று.

அடுத்த படத்தில்
மெலிந்த சன்னியாசி ஒருவர்
கோயில் கதவில் காகிதம் அறைகிறார்.
"சீட்டு வேண்டாம், விசுவாசம் போதும்" என்றார் உபதேசியார்.
"அதையும் சீட்டில்தானே எழுதியிருக்கார்?"
கேட்டது இன்னாசிமுத்து.
யாரும் சிரிக்கவில்லை.

ஆடி மழையில் அவன் மார்த்தாள் போனாள்.
அவள் பேரில் நின்ற பத்தொன்பது ரூபாய் நாற்பது சதத்தை
அவன் பக்கத்துக்கு ஏற்றியவன் நான்.
மறுநாளே.
கணக்கு ஆறக் கூடாது.

படம் காட்டிய திங்கள்,
பெரட்டு கலைந்ததும்
ஆபீஸ் பின்கதவில் நின்றான்.
தலையில் கொங்காணிச் சாக்கு, சாக்கிலிருந்து தண்ணீர்.
"ஐயா, அவளுக்கு ஒரு துண்டு எழுதுங்க."
யாருக்கு?
"மார்த்தாளுக்கு. கடன் இல்லைன்னு.
உத்தரிக்கிற தலத்துல அங்க யார் கங்காணியோ,
அவர்கிட்ட காட்டட்டும்.
பிடிச்சு வைக்காம விடட்டும்."

சாமியாரிடம் போ என்றேன்.
(சாமியார் எதையும் விற்றதில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
பூசைக்கு ஒரு ரூபாய், அதுவும் இருந்தால்.)
"பூசை காதுல விழுது ஐயா, கையில வரல."
அப்படியானால் உபதேசியாரிடம் போ,
அவர் சீட்டே வேண்டாம் என்கிறாரே.
அவன் என்னையே பார்த்தான்.
"மண்டபத்துல இறங்கி இந்த மலைக்கு வந்து
இருபது வருசம்.
துண்டு இல்லாம ஒரு ஆளை
ஒரு வரம்பு தாண்ட விட்டிருக்கீங்களா?"

எழுதினேன்.
பெண் ஒன்று, பெயர் மார்த்தாள்.
கடன் இல்லை. ஆளை விடலாம்.
துரை கிறுக்கும் இடத்தில்
தோட்டத்து முத்திரையைக் குத்தினேன்.
ஈரத்தில் மை சற்றுப் பரவியது.
சாக்கின் மடிப்பிலிருந்து
ஐம்பது சதம் எடுத்து மேசையில் வைத்தான்.
ஒன்றரை நாள் மலையேற்றம் அது.
வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
மேசைமேல் விழுந்த சத்தம்
அதற்குள் என் கையை எழுப்பிவிட்டது.

துண்டை அவள் குழியில் புதைத்தானா,
மழை அதைத் தின்றதா, தெரியாது.
கிறிஸ்துமஸ் முடிந்து
மிஷன் கோயிலில் சேரப் போனான்.
முந்தைய கோயிலிலிருந்து
நற்சாட்சிக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்களாம்.
அதற்கும் என்னிடமே வந்தான்.
இந்த முறை காசு கொண்டுவரவில்லை.
நானும் எழுதவில்லை.

பிறகு சட்டம் வந்து துண்டை ஒழித்தது.
கட்டுக் கட்டாக ஆபீஸ் வாசலில் எரித்தோம்.
லயத்துப் பிள்ளைகள் குளிர் காய்ந்தார்கள்.
சாம்பல் மேலே போகாமல்
பனியில் கனத்து
தேயிலைத் தூரிலேயே படிந்தது.

நாக்கில் ஊதா போய் வெகுநாள் ஆயிற்று.
பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்,
கள்ளு, பொய், ஒருமுறை மச்சினியை.
அந்த ஐம்பது சதத்தை மட்டும்
இன்னும் எந்தக் கணக்கில் ஏற்றுவதென்று
தெரியவில்லை.